விருப்ப வரிசையும் வீட்டுக் கணக்கும்



வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்துச் சமணக் குடும்பங்களிலும் மருத்துவக் கல்வியை நாடும் பிள்ளைகள் உள்ளனர். நீட் தேர்வின் முடிவு வந்த அன்று வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. தரவரிசைப் பட்டியல் வந்த அன்று பேச்சுக் குறைந்துவிடுகிறது. எந்தக் கல்லூரி என்னும் வினாவுக்கு மதிப்பெண் மட்டுமே விடையாவதில்லை. தந்தையின் கழனியும், தங்கையின் படிப்பும், தாயின் அச்சமும் அவ்வினாவுக்குள் வந்து சேர்கின்றன.

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். ஒரே படிப்பு, அதன் விலையோ ஒன்றன்று. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் 20,000 ரூபாயை எட்டுவதில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு அது 4 இலட்சத்தைக் கடக்கிறது. அதே வகுப்பறையில் நிர்வாக ஒதுக்கீட்டில் அமர்பவர் 12 இலட்சத்துக்கும் மேல் கட்டுகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 20 இலட்சமும் போதாது. விடுதியும் உணவும் நூல்களும் தனி. அரசுப் பள்ளியில் பயின்று 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அவ்வீடுகளுக்கு இக்கவலை இல்லை. ஏனையோர் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும்.

விருப்பம் இழிவானதன்று. அதற்குள் என்னென்ன அடங்கியுள்ளன என்று பிரித்தறிவதே தேவை. 2022 சனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் இராமநாதபுரமும் நீலகிரியும் உண்டு. ஆரணிப் பக்கத்து மகளுக்கு இராமநாதபுரத்தில் இடம் கிடைக்கக்கூடும் என்றால், வீட்டார் தயங்குகின்றனர். சென்னைக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கண்ணில் படுகிறது. தொலைவு, கட்டடத்தின் தோற்றம், உறவினரிடம் சொல்லிக்கொள்ளும் பெயர் ஆகிய மூன்றும் கலந்து 'விருப்பம்' என்று ஒரே சொல்லாகிவிடுகின்றன. இவற்றுள் மூன்றாவதற்கு ஒரு காசும் கொடுக்கத் தகாது. முதலாவது மெய்யான துன்பம். ஆயினும் அஃது ஓர் இரவுப் பயணத்தின் அளவினது.

உணவைப் பற்றிய தயக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. கிழங்கு தவிர்ப்போர்க்கும், பொழுது சாயுமுன் உண்போர்க்கும் விடுதிச் சாப்பாடு எளிதன்று. ஆனால் இத்துன்பம் கட்டணம் மிகுந்த கல்லூரியிலும் குறைவதில்லை; இரவுப் பணி எங்கும் இரவுப் பணியே. மூத்த மாணவியர் சிலர் சேர்ந்து வெளியில் வீடெடுத்துச் சமைத்துக்கொள்ள விடுதி விதி இடம் தருமா என்பதைச் சேருமுன் நேரில் கேட்டறிதல் நன்று.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அரசுக் கல்லூரி மாணவரும் தனியார் கல்லூரி மாணவரும் ஒரே பல்கலைக்கழகத் தேர்வை எழுதுகின்றனர். ஒரே பட்டத்தைப் பெறுகின்றனர். நோயாளிக் கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் பயின்ற கைக்குத் தேர்ச்சி விரைந்து வரும் என்பதை மருத்துவர்கள் அறிவர். ஆகவே தனியார் கல்லூரியைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் நூலகத்தைக் காணுமுன் புறநோயாளர் பிரிவைக் காலை பத்து மணிக்குச் சென்று காண வேண்டும். அங்கு இருக்கைகள் வெறுமையாயிருந்தால் பளிங்குத் தரை எதற்கு?

இனிக் கடன். கல்விக் கடனில் 7.5 இலட்சத்துக்கு மேற்பட்டால் வங்கிகள் பொதுவாக நிலத்தையோ வீட்டையோ ஈடாகக் கேட்கின்றன. 20 இலட்சத்தை 10 விழுக்காட்டு வட்டியில் 15 ஆண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணை ஏறத்தாழ 21,500 ரூபாய். கட்டி முடிக்கையில் மொத்தம் 38 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கென 50 இலட்சம் வாங்கினால் தவணை 53,700. மொத்தம் 96 இலட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இக்கணக்கில் சேரவில்லை.

தவணை தொடங்கும் வேளையும் நோக்கத்தக்கது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிந்து, முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு மீண்டும் அமர்ந்து படிக்க வேண்டிய காலம் அது. கடனில்லாத இளைஞர் ஓராண்டு ஒதுக்கிப் படிக்கலாம். சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியேற்கலாம். தவணை கட்டவேண்டியவர் ஏதேனும் ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி மருத்துவராக அமர்ந்து, பகலில் உறங்கி, முதுநிலைக் கனவை ஆண்டுதோறும் தள்ளி வைக்கிறார். பெற்றோர் பிள்ளைக்குத் தரும் மருத்துவ வாழ்வில் இப்பகுதியைக் கடன் பெற்ற நாளிலேயே விற்றுவிடுகின்றனர். கழனி போனது மட்டும் ஊராருக்குத் தெரிகிறது.

எனினும் அரசுக் கல்லூரி ஒன்றே வழி என்று அறுதியிட்டுக் கூறுதல் பொருந்தாது. தொடர் மருத்துவம் தேவைப்படும் பிள்ளையை வீட்டருகே வைத்திருத்தல் அறிவுடைமை. ஈடு வைக்காமலே கட்டும் வசதியுள்ள குடும்பம் தன் விருப்பப்படி செய்வதில் பிழை இல்லை.

கலந்தாய்வில் ஒரு நுட்பம் பலரால் கவனிக்கப்படுவதில்லை. இணையத்தில் பதியும் விருப்ப வரிசையை மேலிருந்து கீழாகவே பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். அருகிலுள்ள தனியார் கல்லூரியை மேலேயும் இராமநாதபுரத்தைக் கீழேயும் எழுதினால், முன்னது கிடைத்தவுடன் பின்னது கைவிட்டுப் போகும். பிற்பட்ட சுற்றில் பெற்ற இடத்தைத் துறந்தால் வைப்புத்தொகையும் போகலாம். பதிவு செய்யும் மையத்தில் நின்றுகொண்டு இதை முடிவு செய்தல் ஆகாது.

பதிவுக்கு இரண்டு நாள் முன்பே பிள்ளையை அருகில் இருத்தி, ஒரு தாளில் கல்லூரிப் பெயர்களை அவர் கையாலேயே எழுதச் செய்து, ஒவ்வொன்றின் எதிரிலும் முழுப் படிப்புக்கும் ஆகும் தொகையைக் குறிக்க வேண்டும். நிலத்தைத் தொடாமலும், இளையவர் படிப்பைக் குறைக்காமலும் எவ்வளவு இயலும் என்பதைத் தந்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தொகைக்கு உட்பட்ட கல்லூரிகளுக்குள் வரிசை பிள்ளையின் விருப்பம். அதற்கு மேற்பட்டவற்றை அன்றே அடித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு பதிவுக்குச் செல்லலாம்.