எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, எந்த போஸ்ட்டுன்னு கேளுங்க

நாகமலை புதுக்கோட்டையில எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து பேசிட்டிருக்கேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா அது தேனி ரோட்டுல போற பஸ்ஸு. எடிட்ல எவ்வளவோ எடுத்துப் பாத்தேன், முழுசா போகல. பொறுத்துக்கங்க.

எனக்கு வர்ற மெசேஜ்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான். "ப்ரோ, வீட்டுக்கு நெட் போடணும், எது பெஸ்ட்?" எழுதுறவங்க சில பேரு எந்த ஊருன்னுகூட சொல்றதில்ல. நானும் ஒரு காலத்துல படக்குன்னு ஒரு கம்பெனி பேரைச் சொல்லிட்டிருந்தவன்தான். இப்ப சொல்றதில்ல. ஏன்னு சொல்லணும்னா என் கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனப்ப பெங்களூருல இருந்து கிளம்பி வந்தேன். ஆஃபீஸ்ல ஆறு மாசம் வீட்டுல இருந்தே வேலை பாக்க அனுமதி குடுத்தாங்க. அதுக்கப்புறம் நீட்டிக்கிறதா இல்லையான்னு பேசிக்கலாம்னு சொன்னாங்க. அப்ப எனக்கு நெட்டுங்கறது படம் பாக்குற விஷயம் இல்ல. லைன் நின்னா நான் திரும்ப பெங்களூரு போகணும், அப்பாவை அம்மா தனியா பாத்துக்கணும். அவ்வளவுதான் கணக்கு.

இஞ்சினியர் இல்லையா, உடனே எக்செல் ஷீட் போட்டேன். கம்பெனி, ஸ்பீடு, விலை, எத்தனை ஓடிடி இலவசம், ரௌட்டர் இலவசமா. மார்க் போட்டு, கூட்டி, முதல் இடம் வந்த பெரிய கம்பெனிக்கு 12 மாசப் பணத்தை மொத்தமா கட்டிட்டேன். ஒரு மாசம் இலவசம்னாங்க. பேரு சொல்லப் போறதில்ல. எந்தக் கம்பெனியா இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்னு இப்ப எனக்குத் தெரியும்.

முதல் மாசம் பிரமாதம். ரெண்டாவது மாசம் ஒரு நாள் காலையில பெட்டியில எல்ஓஎஸ்னு சிவப்பு லைட்டு. கம்ப்ளைன்ட் போட்டேன். சாயங்காலம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ். லைட்டு சிவப்பாவே இருக்கு. மறுபடி போட்டேன், மறுபடி தீர்த்தாய்ங்க. இப்படி 11 நாளு. போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டினேன். அதுல ஒரு ராத்திரி நாங்க புது வெர்ஷன் ரிலீஸ் பண்றோம், ஏதோ உடையுது, பழைய வெர்ஷனுக்குத் திருப்பணும், அந்த நேரம் பாத்து என் லைன் கட்டு. கூட வேலை பாக்குற பொண்ணுதான் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து அதைச் சரி பண்ணுச்சு. மறுநாள் மேனேஜர் கோபப்படல, அதுதான் பயமா இருந்துச்சு. "இது செட் ஆகலேன்னா இங்க வந்துருப்பா"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த 11 நாளும் எதிர்வீட்டு அத்தை ஒரு தடங்கலும் இல்லாம யூட்யூப்ல சீரியல் பாத்துட்டிருந்தாங்க. அவங்க லைன் யாருதுன்னா, எங்க தெருவுல கேபிள் டிவி போட்ட அண்ணனோடது. என் எக்செல் ஷீட்ல அவருக்கு ஒரு வரிகூட இல்ல.

பன்னிரண்டாவது நாள்தான் கம்பெனியில இருந்து ஒரு தம்பி வந்தார். அவர் மேல வச்சிருந்த கோபமெல்லாம் பத்து நிமிஷத்துல போயிருச்சு. கான்ட்ராக்ட் ஆளு. காளவாசல்ல இருந்து செக்கானூரணி வரைக்கும் ஒரே பைக்ல அவரும் இன்னொருத்தரும்தான் பாக்குறாங்களாம். "அண்ணே, டிக்கெட்டை நான் மூடல. நேரம் தாண்டக் கூடாதுன்னு மேல இருந்தே மூடிருவாய்ங்க"ன்னார். பவர் மீட்டரை வச்சுப் பாத்தார். மைனஸ் 29.

இந்த நம்பரைக் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நெட் எடுக்கிற யாரும் கேக்காத நம்பர் இதுதான். ஃபைபர்ங்கறது கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம். கம்பெனி பெட்டியில இருந்து ஒரு இழை கிளம்பி உங்க ஏரியாவுக்கு வரும். அங்க ஸ்ப்ளிட்டர்னு ஒண்ணு அந்த வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சு அனுப்பும். நம்ம ஊருல பரவலா இருக்கிற ஜிபான் முறையில அத்தனை வீட்டுக்கும் சேத்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு அதுல பாதி. வீட்டுக்கு வந்து சேர்ற வெளிச்சத்தை டிபிஎம்-ல அளப்பாங்க. பொதுவா மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தா நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினா பெட்டிக்குக் கண்ணு மங்க ஆரம்பிக்கும். 3 குறைஞ்சா வெளிச்சம் பாதி ஆயிருச்சுன்னு அர்த்தம். அப்ப மைனஸ் 23-க்கும் 29-க்கும் நடுவுல வெளிச்சம் கால்வாசி ஆயிருக்கும்.

எங்க போச்சுன்னு தேடிப் பாத்தா, தெருமுனை வேப்பமரத்துக்கிட்ட ஒயரை மடக்கிக் கட்டியிருந்தாங்க. ஃபைபரை ரொம்ப மடக்கினா வெளிச்சம் வளைவுல வெளிய கசியும். அதுக்கும் மேல ஒரு இடத்துல அணில் கடிச்ச தடம். 2021-ல மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம்னு அன்னைக்கு மின்துறை அமைச்சரா இருந்த செந்தில் பாலாஜி சொன்னப்ப மீம் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அணில் சார்பா மன்னிப்பு எல்லாம் கேக்க முடியாது, அமைச்சர்கிட்ட வேணா கேட்டுக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டிவி விளம்பரத்துல வர்ற பேரு சென்னையிலயோ மும்பையிலயோ இருக்கு. உங்க வீட்டு நெட்டு நிக்கிறதும் ஓடுறதும் கடைசி 200 மீட்டர்ல. அந்த 200 மீட்டரை யாரு இழுத்தா, அறுந்தா யாரு வந்து ஒட்டுவான்னு பாத்துத்தான் எடுக்கணும். ஒரே கம்பெனி என்ஜிஓ காலனியில நல்லா இருக்கும், ரெண்டு தெரு தள்ளி மோசமா இருக்கும். பிஎஸ்என்எல் ஃபைபரையே எடுத்துக்கங்க. நிறைய இடத்துல அதை வீட்டுக்கு இழுத்துக் குடுக்கிறது வருமானத்துல பங்கு வாங்குற உள்ளூர் பார்ட்னர்தான். ரயில்டெல்லோட ரயில்வயரும் அப்படித்தான். தண்டவாளத்து ஓரமா போற ஃபைபர் அரசாங்கக் கம்பெனியோடது, உங்க தெருவுல ஏணி போட்டு ஏறுறது கேபிள்கார அண்ணன். அதனால "பிஎஸ்என்எல் நல்லா இருக்குமா"ங்கற கேள்விக்கு மதுரை முழுக்க ஒரே பதில் கிடையாது.

அதுக்காக உள்ளூர் அண்ணனை சாமி மாதிரி கும்பிட வேண்டியதில்ல. அத்தை வீட்டுல போயி லேப்டாப்பை நேரா லேன் கேபிள்ல சொருகிப் பாத்தேன். மத்தியானம் 100 வந்துச்சு. ராத்திரி 9 மணிக்கு 22. ஏன்னா அவர் மேல இருந்து வாங்குற மொத்த அளவை விட அதிகமா கீழ வித்திருக்கார். சீரியலுக்கு 22 தாராளம், அத்தைக்குக் குறை தெரியாது. எனக்குத் தெரியும். அவர்கிட்டயே கேட்டேன், மறைக்கல. "தம்பி, ஐபிஎல் நேரத்துல இன்னும் கம்மியாகும்"ன்னார். இந்த நேர்மைக்கு எக்செல்ல எத்தனை மார்க் போடுறது?

அதனால ஸ்பீடு டெஸ்ட்டை ராத்திரி 9-லிருந்து 10-க்குள்ள, உங்க பக்கத்து வீட்டுல, ஒயர்ல போடுங்க. ஸ்பீடு டெஸ்ட் ஆப் பல நேரம் பக்கத்துல இருக்கிற சர்வரை எடுத்துக்கும், சமயத்துல அது உங்க கம்பெனியோடதாவே இருக்கும். தன் பிள்ளைக்குத் தானே பரிட்சை திருத்துற மாதிரி. ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் கம்பெனியோடது, அதுலயும் ஒருக்கா பாருங்க. பிங்கையும் கவனிங்க. மதுரையில இருந்து சென்னை ரோட்டு வழியா சுமார் 460 கிலோமீட்டர். ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போயிட்டு வர 5 மில்லிசெகண்டுகூட ஆகாது. நடுவுல நிக்கிற இடமெல்லாம் சேத்து 10, 15 வந்தா சரி. சென்னை சர்வருக்கு 60 காட்டுச்சுன்னா உங்க டேட்டா எங்கயோ ஊரைச் சுத்திட்டுப் போகுதுன்னு அர்த்தம். அப்லோடு எவ்வளவுன்னும் பாருங்க, வீடியோ கால்ல உங்க முகத்தைத் தூக்கிட்டுப் போறது அதுதான்.

ஒரு சின்ன விஷயம். எம்பிபிஎஸ்னதும் எங்கம்மா டாக்டர் படிப்புன்னு நினைச்சாங்க. "நூறு எம்பிபிஎஸ்ஸா? யாருப்பா அவ்வளவு பேரு?" ஆனா படிச்ச பசங்களே இதுல ஏமாறுறாய்ங்க. அது மெகாபிட். ஃபைல் அளக்கிறது மெகாபைட்ல, 8 பிட் சேந்தா ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் லைன்ல நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். அதுக்காக 300 வாங்க ஓடாதீங்க. நாலு பேரு இருக்கிற வீட்டுக்கு நிலையா வர்ற 50 போதும். சட்டப்படி பிராட்பேண்ட்னு சொல்லிக்க எவ்வளவு வேணும் தெரியுமா? 2023 ஜனவரியில இருந்து குறைஞ்சது 2 எம்பிபிஎஸ். அதுக்கு முன்ன 512 கேபிபிஎஸ். சிரிக்காதீங்க. நான் ஸ்கூல் படிச்சப்ப எங்க வீட்டுல பிஎஸ்என்எல் டேட்டா ஒன், ராத்திரி 2 மணியில இருந்து காலை 8 வரைக்கும்தான் அளவில்லாம ஓடும். அலாரம் வச்சு எந்திரிச்சு டவுன்லோடு போட்டுட்டுத் தூங்குவேன். அம்மா நான் படிக்க எந்திரிக்கிறேன்னு நினைச்சு பூஸ்ட் போட்டுக் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் உண்மையைச் சொல்லல. இந்த எபிசோடைக் கேக்க மாட்டாங்கன்னு நம்புறேன்.

அந்த பழைய லேண்ட்லைன்ல ஒரு நல்லது இருந்துச்சு. போனுக்கு வேணுங்கிற கரண்டு எக்ஸ்சேஞ்சுல இருந்து செம்புக் கம்பி வழியாவே வரும், 48 வோல்ட். வீட்டுல கரண்டு போனாலும் போன் அடிக்கும். கண்ணாடி இழையில கரண்டு வராது. அதனால வீட்டுல மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வேணும். உங்க அடாப்டர்ல 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர்னு பாத்து அதுக்கேத்தது வாங்குங்க. பெரும்பாலானவங்க இதோட நிறுத்திருவாங்க. கேபிள் அண்ணன் ஆஃபீஸ்ல பேட்டரி இருக்கா, போஸ்ட்டு மேல இருக்கிற பெட்டிக்கு பேட்டரி இருக்கான்னும் கேக்கணும். நம்ம வீட்டுல மட்டும் லைட்டு எரிஞ்சு என்ன பண்றது?

வீட்டுல சிசிடிவி மாட்டி அதை வெளியூர்ல இருந்து நேரா பாக்கணும்னு நினைக்கிறவங்க மட்டும் இதைக் கேளுங்க. ரௌட்டர் செட்டிங்ல வான் ஐபின்னு இருக்கும். அது 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, ஒரே முகவரியில உங்களோட சேத்து நிறைய வீட்டை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். வெளிய இருந்து நேரா உள்ள வர முடியாது. ஸ்டாட்டிக் ஐபி தருவாங்களா, என்ன விலைன்னு முதல்லயே கேட்டுக்கங்க. தெருவுக்கு ஃபைபரே வரலேன்னா ஏர்ஃபைபர் இருக்கு. பேருல ஃபைபர் இருந்தாலும் மொட்டைமாடி வரைக்கும் அது 5ஜி டவர் சிக்னல்தான். டவர்ல கூட்டம் சேந்தா குறையும்.

பணத்துக்கு வருவோம். வருஷப் பணம் கட்டாதீங்க. முதல்ல ஒரு மாசம், அப்புறம் மூணு மாசம். விளம்பரத்துல 699-ன்னு இருந்தா 18 சதவீத ஜிஎஸ்டி சேத்து 824 ரூபா 82 பைசா. கம்ப்ளைன்ட் போட்டா டாக்கெட் நம்பரை வாங்கி வைங்க. அவங்களே மூடினா ஸ்கிரீன்ஷாட் எடுங்க. டிராய் விதிப்படி பெரிய கம்பெனிகளுக்கு மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், அவங்க வெப்சைட்ல முகவரி இருக்கும். அங்க எழுதுங்க, காசு கிடையாது. நானும் 11 ஸ்கிரீன்ஷாட்டோட எழுதினேன். அதுக்கப்புறம் என் டிக்கெட்டை அவங்களா மூடுறதில்ல. முன்பணத்தைத் திருப்பித் தருவாங்களான்னா, இன்னும் வரல.

அதனால இப்ப என்கிட்ட ரெண்டு லைன். பணம் கட்டின பாவத்துக்கு பழசு, மாசா மாசம் கேபிள் அண்ணனோடது. ரெண்டு கம்பெனி, அப்ப பயமே இல்லேன்னு மூணு வாரம் நிம்மதியா இருந்தேன். ஒரு நாள் வைக்கோல் லாரி ஒண்ணு தெருமுனையில திரும்புச்சு. ரெண்டும் போச்சு. போயி பாத்தா ரெண்டு ஒயரும் அதே போஸ்ட்டுல, ஒரே கட்டுல கட்டியிருக்கு. படிச்சு, சம்பளம் வாங்கி, சர்வருக்கெல்லாம் மாத்து ஏற்பாடு டிசைன் பண்றவன், சொந்த வீட்டு ஒயரை அண்ணாந்து பாக்கல.

அண்ணன்கிட்ட பேசி, அவர் லைனைப் பின்தெரு வழியா மாத்தியாச்சு. 90 மீட்டர் ஒயர், கூலி ரெண்டும் என் செலவு. ஜாயிண்ட் அடிச்சு முடிச்சதும் மீட்டரைக் காட்டச் சொன்னேன். மைனஸ் 21. அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே, இதையெல்லாம் யாரும் கேட்டதில்லையாம்.

ஆறு மாசம் முடிய இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. நாளைக்கு எங்க ஏரியாவுல மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்திருவாங்க. 10 மணிக்கு மேனேஜரோட கால், நீட்டிக்கிறதைப் பத்தித்தான். மினி யூபிஎஸ் இப்ப கீழ சார்ஜ் ஏறிட்டிருக்கு, அண்ணனும் ஆஃபீஸ்ல பேட்டரி போட்டுட்டதா சொல்லியிருக்கார். என்னாச்சுன்னு அடுத்த வாரம் சொல்றேன், இங்க இருந்தோ பெங்களூருல இருந்தோ.