தவளைச் சின்னத்துக்குப் பின்னால் நம் கை

(ஹட்டனில் தோட்டத் தலைவர், தலைவிமாருக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



உங்களில் பலருடைய தோட்டத்து ஸ்டோர் வாசலில் பச்சைத் தவளை போட்ட பலகை ஒன்று இருக்கிறது. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டம் என்று அதற்கு அர்த்தம். வெளிநாட்டில் பல பெரிய கம்பனிகள் அந்தச் சின்னம் உள்ள தேயிலையைத்தான் கேட்கின்றன. ஆகவே அந்தத் தவளைக்குக் காசு மதிப்பு உண்டு. அதை வாங்கிக் கொடுத்தது யார் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கம்பனிகளின் வருடாந்த அறிக்கையில் 'நிலைபேறு' என்றொரு வார்த்தை வரும். மண், தண்ணீர், காடு, மனிதர் எல்லாம் நாளைக்கும் நிலைத்திருக்கும்படி தொழில் செய்வது என்று பொருள். நல்ல வார்த்தைதான். ஆனால் நாடு விழுந்தபோது அந்த வார்த்தை நமக்கு என்ன செய்தது?

2021இல் 'பசுமை' என்று சொல்லி, முன்னாயத்தம் இல்லாமல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது. அந்த வருடம் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. மலையில் கொழுந்து இல்லாவிட்டால் யாருக்கு அரைப் பேர் விழும்? நமக்குத்தான்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேலே போனது. ரூபாக் கணக்கில் தேயிலை விலையும் ஏறியது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மா, அரிசி, பருப்பு, எல்லாம் ஏறின. நம்முடைய ஒரு பேர் மட்டும் 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாவிலேயே நின்றது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் செப்டெம்பரில் கையில் வந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். அதில் 200 ரூபா அரசாங்கம் கொடுக்கும் வருகைக் கொடுப்பனவு. அதாவது, கொழுந்து பறிக்கிறவளின் கூலியில் ஒரு பங்கைப் பொதுமக்களின் வரிப்பணம் தாங்க வேண்டியிருக்கிறது. உழைப்பவரின் கூலியைத் தானே கொடுக்க முடியாத தொழிலை நிலைபேறான தொழில் என்று எப்படிச் சொல்வது?

மண்ணைப் பாருங்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. அந்தக் குத்தகை 2045இல் முடிகிறது. பழைய தேயிலையைப் பிடுங்கி, புல் போட்டு மண்ணைத் தேற்றி, கன்று நட்டுக் கொழுந்தெடுக்க வருடக்கணக்காகும். குத்தகைக்காரருக்கு அதில் அவசரம் இருக்காது. கான் வெட்டாத மலை, புல் மண்டிய மலை, இதெல்லாம் நீங்கள் தினமும் பார்ப்பது.

கான் அடைபட்டால் தண்ணீர் எங்கே போகும்? லயத்துக்குத்தான். கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு இடம்தான் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் நுவரெலியா, பதுளை, கண்டி மலைகளில் அதே பயத்தைத்தான் கண்டோம். பாதுகாப்பான இடத்தில் வீடு இல்லாத தோட்டத்துக்கு எந்தப் பலகை மாட்டினாலும் சரி, அது நிலைபேறு ஆகாது.

இப்போது முக்கியமான விடயம். அந்தச் சான்றிதழின் நிபந்தனைகளில் மரமும் ஆறும் மட்டும் இல்லை. மருந்தடிக்கிறவருக்கு இலவசமாகப் பாதுகாப்பு உடை, குடிதண்ணீர், பாதுகாப்பான குடியிருப்பு, சங்கம் சேரும் உரிமை, முறைப்பாடு சொல்ல ஒரு வழி, இவையும் இருக்கின்றன. ஓடிட் வருகிறவர் தொழிலாளர்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்பதும் விதிதான்.

ஆனால் நடப்பது என்ன? எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை, ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "ஓடிட் நாள் காலையில பிரட்டுக்களத்துல புதுக் கையுறை குடுத்தாங்க. சாயந்தரம் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. கேட்டப்போ எல்லாம் இருக்குன்னு சொல்லிட்டோம் அண்ணே." பயத்தில் சொன்ன வார்த்தை அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் தவளை தொங்கியது.

ஆகவே தலைவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, கையுறை, தண்ணீர், கான், கூரை, எது இல்லையோ அதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு, ஓடிட் வரும் திகதியைத் துரையிடம் எழுத்தில் கேளுங்கள். அன்றைக்குத் தனியாள் பேசாமல் மாதர் தலைவியோடு நாலைந்து பேர் சேர்ந்து பேச விரும்புவதாகச் சொல்லுங்கள். மூன்று, லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு, புது ஊற்று, சாய்ந்த மரம் கண்டால் மழை வரும்வரை பொறுக்காமல் அன்றைக்கே கிராம அலுவலருக்கும் சங்கத்துக்கும் அறிவியுங்கள்.

சான்றிதழ் போக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சான்றிதழ் போனால் விற்பனை போகும், வேலையும் போகும். பலகையில் எழுதியிருப்பது லயத்திலும் மலையிலும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம். குத்தகை 2045இல் முடியும். நாமும் நம் பிள்ளைகளும் அதற்குப் பிறகும் இந்த மலையில் இருப்போம். இந்த மண் நாளைக்கும் நிலைக்க வேண்டும் என்ற அக்கறை நம்மைவிட வேறு யாருக்கு அதிகம்?