பட்டா யார் பேருல?

(கொடுங்கையூர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நானோ தொழில்நுட்பம், காப்புரிமை இதெல்லாம் ஐஐடிக்காரன் சமாச்சாரம், நமக்கு என்னா சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் தண்ணிதான். ஏக்கர் கணக்கில் கிடக்கிற குப்பைமேட்டை ஒட்டி வாழ்கிறோம். நம்ம அடிபம்புத் தண்ணிய வாயில வைக்க முடியுமா?

இதே சென்னையில், ஐஐடியில், பேராசிரியர் பிரதீப்பும் அவரது மாணவர்களும் வெள்ளி, தங்க நானோ துகள்களைக் கொண்டு தண்ணீரிலுள்ள பூச்சிமருந்து நஞ்சை நீக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். காப்புரிமை ஐஐடி பேரில் வாங்கப்பட்டது. உரிமம் பெற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் 2007-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கு 2022-இல் அட்வென்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. யாரும் திருடவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்த விற்பனை.

காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர் பேர் ஒரு இடத்தில், உரிமையாளர் பேர் வேறொரு இடத்தில். பெங்களூரில் பன்னாட்டுக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் மூளையைக் கசக்குகிறவன் நம்ம ஊர்ப் பையன். உரிமையாளன் அமெரிக்கக் கம்பெனி. வேலைக்குச் சேரும்போதே எழுதி வாங்கிவிடுகிறான். கொத்தனாருக்குக் கூலி, வீடு வேறொருத்தன் பேர்ல.

'அந்நியன் கொள்ளை' என்று சுதேசிக்காரர்கள் கத்துகிறார்கள். சரி, உள்ளூர் முதலாளி கையில் இருந்தால் மட்டும் நம்ம குடத்துல நல்ல தண்ணி விழுந்துடுமா?

பத்திரம் கைமாறுவது நமக்குப் புதுசில்ல. 1892 முதல் வெள்ளைக்காரன் கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் போச்சு. அதைத் திருப்பிக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994-இல், ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

காப்புரிமைச் சட்டத்திலும் நிபந்தனை உண்டு. 84-ஆவது பிரிவு. காப்புரிமை கொடுத்து மூன்று வருடமாகியும் பொருள் மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்காவிட்டால், வேறொருவர் தயாரிக்க அரசு கட்டாய உரிமம் தரலாம். 2012-இல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு அப்படித் தந்தார்கள். மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்றது 8,880 ரூபாய்க்கு வந்தது. ஒரு கம்பெனி போய்க் கேட்டதால்தான் அதுவும் நடந்தது.

ஐஐடி நம்ம வரிப்பணத்திலும் நடக்கிறது. அது உரிமம் எழுதித் தரும்போதே, குப்பைமேட்டு ஓரத்துக் குடிசைக்கும் கட்டுப்படியாகும் விலை, கம்பெனி கைமாறினாலும் அந்த விலை மாறாது என்று எழுதச் சொல்வோம். மாணவர்களே, அங்கே படிக்கப் போகிறவர்கள் அந்த ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நம்ம தெருவுக்கு வந்து வாசித்துக் காட்டுங்கள்.