இலவச லினக்ஸை யார் பராமரிப்பது?

தோழர்களே, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கிய பழைய கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியோடு நின்றுவிட்டன. லினக்ஸ் போடுங்கள் என்கிறோம். எந்த லினக்ஸ்?

சென்ட்ஓஎஸ், ரெட்ஹாட் நிறுவனத்தின் கட்டண லினக்ஸுக்கு இலவச மாற்றாக இருந்தது. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டென்று நம்பிப் பலர் நிறுவினார்கள். ஐபிஎம் கைக்குப் போயிருந்த ரெட்ஹாட், 2021 முடிவோடு நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. ஓசியில் வாங்கியவர்களுக்கு என்ன கேள்வி என்றார்கள் சிலர். இடஒதுக்கீட்டுக்கும் சத்துணவுக்கும் நாம் கேட்காத ஏச்சா!

ஆனால் உழைப்பவர் பக்கமும் பாருங்கள். இதோ, இந்த பேசின் பிரிட்ஜ் பணிமனையில் ரயில் பெட்டிகளைக் கழுவிச் சரிபார்த்து அனுப்புகிறவர்கள் பயணிகள் கண்ணில் படுவதே இல்லை. பழைய நிரலில் ஓட்டை அடைப்பதும் அப்படித்தான். புதிதாகச் செய்தவனுக்குத்தான் பேர்.

டெபியனில் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ ஐந்தாண்டு ஆதரவு. கடைசி ஈராண்டுக்கான வேலையின் பெரும்பகுதியை, பல நிறுவனங்கள் சேர்ந்து தரும் பணத்தில் கூலி பெறும் நிரலாளர்கள் செய்கிறார்கள். பலன் எல்லாருக்கும் இலவசம். விற்றுவிட முதலாளியும் கிடையாது. எனக்கு இதுவே நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன்தான்.

நம் படிப்பகங்களில் அதைப் போடுவோம். போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. வாரம் ஒருமுறை புதுப்பிக்க ஒருவர் பொறுப்பேற்கட்டும். அவருக்கு பஸ் காசாவது படிப்பக நிதியிலிருந்து கொடுங்கள்.