"இறங்கியிருப்பாங்க" என்ற சொல்

புயல் ஓய்ந்த இரவு, மணி 2. நீங்கள் ஒரு பிரிவு அலுவலகத்தின் மின் உதவிப் பொறியாளர். காலை 5 மணிக்கு எழுந்தவர், இன்னும் படுக்கவில்லை. ஊரே இருட்டு, போன் ஓயவில்லை. "சார், இந்த ஒரு ஃபீடரை சார்ஜ் பண்ணிட்டா முடிஞ்சுது" என்கிறார்கள். எல்.சி. வாங்கிப் போன ஆட்கள் கம்பத்தை விட்டு இறங்கிட்டாங்களா? "இறங்கியிருப்பாங்க" என்கிறது மனசு. பகலில் இதே கேள்விக்கு நீங்கள் போன் போட்டுக் கேட்டிருப்பீர்கள்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் விடுவது 30 மில்லிகிராம் வரைதான்! குடித்தவரை ஊதச் சொல்லலாம். களைத்தவரை? "எனக்கு ஒண்ணுமில்லப்பா, ஒரு டீ குடிச்சா போதும்" என்பார். நானும் அப்படிச் சொன்னவன்தான். அது பொய்யில்லை, தன் நிலையைத் தானே எடைபோடும் புத்தியையும் சேர்த்தே களைப்பு மழுக்கிவிடுகிறது. ஆபத்தும் சின்னதாகத் தெரியும், நாமும் தெளிவாக இருப்பதாகத் தோன்றும்.

அதனால் இரவு 2 மணிக்கு எடுக்கும் முடிவை மழைக்காலத்துக்கு முன்பே, நல்லாத் தூங்கி எழுந்த ஒரு காலையில் எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு மேல் பொறுப்பு யாரிடம் மாறும் என்று எழுதி ஒட்டுங்கள். எல்.சி. வாங்கியவரே திருப்பித் தரணும், ஒவ்வொரு ஆளின் பெயரையும் சொல்லணும். அதுவரை ஊர் இருட்டாகவே இருக்கட்டும். திட்டு வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.