காட்டேரியின் பசிக் கணக்கு

ரத்தக்காட்டேரிக் கதை எழுதுகிறவர்கள் அதன் பல்லுக்குத் தரும் கவனத்தை வயிற்றுக்குத் தருவதில்லை. கடிபட்டவர் எல்லாரும் காட்டேரி ஆவார்கள் என்று எழுதிவிட்டால் போதும், கதை மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றும் மாதம் ஒருவரைக் கடித்தால் மாதாமாதம் இரட்டிப்பு. ஒன்றே ஒன்றில் தொடங்கினாலும் 33 மாதங்களில் 850 கோடியைத் தாண்டிவிடும். உலகத்தில் அத்தனை மனிதர்களே இல்லை. அப்புறம் யாரைக் கடிப்பது?

அந்த முடிவையே துணிந்து கதையாக்கினார் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் மாதிசன். 1954இல் வந்த 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில் காட்டேரித்தனம் ஒரு பாக்டீரியா நோய். பூண்டு உடம்பைத் தாக்குகிறது, சிலுவை மனத்தைத் தாக்குகிறது என்று அவர் பிரித்துக் காட்டியது நல்ல வேலை. 2006இல் பீட்டர் வாட்ஸ் 'பிளைண்ட்சைட்'டில் வேறு வழி பிடித்தார். அவருடைய காட்டேரிகள் மனிதரையே வேட்டையாடிய பழைய கிளையினம். இரை மறுபடி பெருகும்வரை நெடுங்காலம் உறங்கிக் கிடப்பவை.

என் மனம் தங்குவது ஆக்டேவியா பட்லரிடம்தான். 2005இல் வந்த 'ஃபிளெட்ஜ்லிங்' அவருடைய கடைசி நாவல். அதில் வரும் இனா என்போர் தனி இனம். பிள்ளை பெற்றுத்தான் பெருகுவார்கள், கடித்து அல்ல. எனவே கூட்டம் கட்டுக்குள் நிற்கிறது. சரி, சாப்பாடு? நம் ஊரில் ரத்ததானம் செய்த ஆணே அடுத்த முறைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒரே மனிதரின் ரத்தத்தில் ஓர் இனா பிழைக்க முடியாது. ஆகவே ஓர் இனாவோடு ஏழெட்டு மனிதர்கள் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள். இனாவின் எச்சில் அவர்களுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது. கூடவே, விட்டுப் பிரிய முடியாத பிடிப்பையும். அது அன்பா, அடிமைத்தனமா? இந்தக் கேள்வியைப் பட்லர் பசிக் கணக்கிலிருந்தே பிறக்க வைத்தார். அதற்காகவே அவரை மற்ற இருவருக்கும் மேலே வைக்கிறேன்.

தோற்றக் கதையிலும் அவர் அவசரப்படவில்லை. தெய்வம் தங்களை அனுப்பியது என்று சில இனாக்கள் நம்புகிறார்கள். வேற்றுலகிலிருந்து வந்தோம் என்பார் சிலர். இந்த மண்ணிலேயே பரிணமித்தோம் என்பார் வேறு சிலர். உண்மையிலேயே ஓர் இனம் இருந்தால் அப்படித்தானே பேசிக்கொள்ளும்! நாயகி ஷோரி தீக்காயங்களோடு, நினைவிழந்து, பசியோடு ஒரு குகையில் விழிக்கிறாள். தன் இனத்தைப் பற்றி அவளுக்கே ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாக அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது நாமும் தெரிந்துகொள்கிறோம். இத்தனை விவரமும் பாடம் நடத்துவதுபோல் உறுத்தாமல் கதைக்குள் இறங்கியது அதனால்தான்.