இடுகாட்டுக்கு வழி கேட்கிறோம்

(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில், தோட்டக் கிராணியும் சங்கச் செயலவை உறுப்பினருமான அன்பர் ஆற்றிய உரை)



சம்பளம், வேலை நாள், வீடு, மருந்தகம் என்று உயிரோடிருப்பவர்களின் பாடுகளையே இம்மேடையில் பேசுவது வழக்கம். இன்று மாண்டு போனவர்களுக்காகப் பேச வந்திருக்கிறோம். அவர்களும் ஒரு காலத்தில் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தவர்கள்தாம்.

சென்ற ஆடி அமாவாசையன்று நடந்ததைக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டி ஓய்ந்த தாயார் ஒருவர், மறைந்த கணவருக்குப் படைப்பதற்காகச் சோறும் பழமும் தேங்காயும் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் புறப்பட்டார். அத்தோட்டம் கைமாறி ஓராண்டு ஆகிறது. பழைய ஸ்டோருக்குப் பின்னால் போகும் மண்பாதையில் புதிதாக ஓர் இரும்புக் கதவு, கதவில் பூட்டு. காவலாளிக்கு நம் மொழி தெரியாது. சாவி பட்டணத்து ஆபீசில் இருக்கிறது என்று கையால் காட்டினான். அந்த அம்மாள் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். பிறகு கதவடியிலேயே இலையை விரித்துப் படைத்து, சூடம் கொளுத்திவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் எங்களைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: “கிராணி தம்பி, சொத்தா கேக்கிறோம்? போயிட்டு வர ஒரு வழிதானே கேக்கிறோம். அதுக்குக்கூட நமக்குப் பாத்தியம் இல்லையா?”

அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ‘உண்டு’ என்று சொல்ல வாய் வந்தது. சட்டம் தெரியாமல் சொல்லுவது அந்த அம்மாளை ஏமாற்றுவதாகும் என்று அடங்கினோம். பிறகு நில அலுவலகப் படி ஏறினோம், வழக்கறிஞரைக் கண்டோம், சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். அறிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறோம். இதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

தோழர்களே, தோட்டத்து இடுகாடு எப்படி வந்தது? நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து காடு வெட்டிய நாளில், பட்டணம் பல மைல் தூரம். பிணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மரம் நட உதவாத மேட்டையோ ஆற்றோரத்தையோ துரை கையைக் காட்டினார், அங்கே புதைத்தார்கள். துரையின் வாய்ச்சொல்லே பட்டாவாக இருந்தது. இந்திய அரசாங்கம் 1938-இல் உடல் உழைப்பாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் இங்கே இருந்தவர்களுக்கு இதுவே ஊர். அந்த மேடே முன்னோர் உறங்கும் இடம். ஜப்பான்காரன் காலத்தில், 1942-க்கும் 1945-க்கும் இடையே, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எத்தனையோ பேருக்குப் புதைகுழியும் தெரியாது, நாளும் தெரியாது. ஒரு மண்மேடாவது தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளும் குடும்பங்கள் நம்முடையவை. அந்த மேட்டுக்கும் வழி அடைபட்டால் என்ன ஆவது?

தோட்டம் தோட்டமாகவே இருந்த வரையில் வழி ஒரு வழக்காக வரவில்லை. 1950-ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின; வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள், தொழிலாளியின் சிறு பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன்பின் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிந்தது, கோயில் பெயர்ந்தது, ஆட்கள் பட்டணத்து அடுக்குவீடுகளுக்குப் போனார்கள். மாண்டவர்கள் மட்டும் போகவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் நிலத்தை ஆளுவது தேசிய நிலச் சட்டம். 1965-இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறோம்.

“அறுபது வருஷமாக நடந்த பாதை, ஆகவே நமக்குச் சொந்தம்” என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்திலே நெடுங்காலம் நடந்தால் வழிப்பாத்தியம் உண்டாகலாம். நம் நாட்டுச் சட்டத்தின் 284-ஆம் பிரிவு, நெடுங்கால வழக்கத்தினால் மட்டும் வழிப்பாத்தியம் பிறக்காது என்று கதவைச் சாத்திவிட்டது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அதனால் மட்டும் இன்னொருவர் பெயரிலுள்ள நிலம் நமதாகாது என்கிறது 341-ஆம் பிரிவு. பட்டாவில் எழுதியதே பேசும்; பழைய துரையின் வாய்ச்சொல்லை நம்பிப் புதிய முதலாளியைக் கட்ட முயன்றால், நீதிமன்றத்தில் நாம் மேட்டில் ஏறித்தான் ஆகவேண்டும்.

முதலாளியே மனமிரங்கி வழிப்பாத்தியம் எழுதிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். 282-ஆம் பிரிவைப் பாருங்கள். வழிப்பாத்தியம் என்பது ஒரு நில உடைமையாளர் இன்னொரு நில உடைமையாளருக்கு, அவருடைய நிலத்தின் நன்மைக்காகக் கொடுப்பது. நிலமே இல்லாத தொழிலாளிக்கு அதைப் பதிந்து கொடுக்க முடியாது. அவர் கொடுக்கக்கூடியது அனுமதிக் கடிதம். அவர் விற்றுவிட்டுப் போனால் அந்தக் கடிதம் அடுத்தவரைக் கட்டும் என்று நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. இடுகாடு ஒரு தனி லாட்டாக இருக்க வேண்டும். சட்டத்தின்படி, நிலத்தின் ஒரு பகுதியை உடைமையாளர் மாநில அரசிடம் ஒப்படைக்கலாம். ஒப்படைத்த நிலத்தை 62-ஆம் பிரிவின் கீழ் இடுகாட்டுக்கென்று ஒதுக்கி அரசிதழில் வெளியிட மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அரசிதழில் ஏறிவிட்டால் சுற்றியுள்ள தோட்டம் பத்துக் கை மாறினாலும் இடுகாடு இடுகாடே. அதற்குப் போகும் பாதைக்கும் இடமுண்டு: பிறர் நிலத்தின் குறுக்கே வழி உண்டாக்க நில நிர்வாகிக்கு அதிகாரம் தந்து, 387-ஆம் பிரிவு முதலாகத் தனி அத்தியாயமே இருக்கிறது. இதில் தனியார் வழியும் உண்டு, பொது வழியும் உண்டு. நில உடைமையாளருக்கு நஷ்டஈடும் அச்சட்டத்திலேயே பேசப்பட்டிருக்கிறது. ஆகவே யாருடைய சொத்தையும் பறிப்பதாக நம்மைக் குற்றஞ்சாட்ட இடமில்லை.

யாரிடம் கேட்பது? நம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் நிலமும், இடுகாடு சுடுகாடுகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே கோலாலம்பூருக்கு மனு எழுதிக் காலத்தைப் போக்காமல், நில அலுவலகத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுத வேண்டும்.

எப்போது கேட்பது? இதுதான் முக்கியம். பூட்டு விழுந்தபின் கேட்பவன் கெஞ்சுகிறவன். விற்பனைக்கு முன் கேட்பவன் பேரம் பேசுகிறவன். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டுப் பலருக்கு விற்பதானால், 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றவும் மாநில அரசின் அனுமதி வேண்டும். முதலாளி அரசிடம் கைநீட்டி நிற்கும் அந்த வேளையில்தான், இடுகாட்டை ஒப்படைக்க வேண்டும், வழி விட வேண்டும் என்ற நிபந்தனையைப் போடச் சொல்லிச் சங்கம் எழுத வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனைச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு, பிறர் மனத்தையோ மதத்தையோ புண்படுத்தும் எண்ணத்தோடு, அல்லது புண்படும் என்று தெரிந்தே, இடுகாட்டில் அத்துமீறுவதைக் குற்றமாக்குகிறது. மண்வாரி இயந்திரம் கல்லறைப் பக்கம் வந்தால் உடனே போலீசில் புகார் செய்து படம் எடுத்து வையுங்கள். ஆனால் நம் இளைஞர்கள் ஆத்திரப்பட்டுப் பூட்டை உடைக்கக் கூடாது. உடைத்தால் வழக்கு நம்மீது திரும்பும். நியாயம் நம் பக்கம் இருந்தும் குற்றவாளிக் கூண்டில் நம் பிள்ளை நிற்பான்.

இப்போது கிராணிமார்களாகிய எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தோட்டத்தின் பழைய வரைபடத்தில் இடுகாடு சிறு சதுரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மறுநடவுக்காகப் புதுப்படம் வரைந்தபோது அந்தச் சதுரம் விடுபட்டது. வரைந்ததும் கிராணி, சரிபார்த்ததும் கிராணி. ஏக்கர் கணக்கு சரியாக வந்ததா என்று பார்த்தோமே தவிர, மாண்டவர்கள் எங்கே என்று பார்க்கவில்லை. நிலத்தை வாங்கியவரின் கையிலிருப்பது அந்தப் புதுப்படந்தான். “இங்கே இடுகாடு இருப்பதாக எந்தப் பத்திரத்திலும் இல்லையே” என்று அவர் சொன்னபோது எங்களுக்குத் தலை குனிந்தது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் இந்த வேலைகளைச் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, பழைய வரைபடம், செக்ரோல், மரணப் பதிவு, மருந்தகப் புத்தகம் எதுவாயினும் எரிக்க விடாதீர்கள், நகல் எடுங்கள். இரண்டாவது, பெரியவர்களை அழைத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போய், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிப் படம் பிடியுங்கள். அந்தப் பெரியவர்கள் போய்விட்டால் கேட்க ஆளில்லை. மூன்றாவது, நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தோட்டத்தின் பட்டாவைத் தேடி, யார் பெயரில் இருக்கிறது என்று அறியுங்கள். நான்காவது, தோட்டம் விலைபேசப்படுகிறது என்ற செய்தி காதில் விழுந்த நாளிலேயே சங்கத் தலைமையகத்துக்கு எழுதுங்கள். ஐந்தாவது, இந்துவுக்கு ஒரு மனு, கிறிஸ்தவருக்கு ஒரு மனு என்று பிரியாதீர்கள். ஆடி அமாவாசைக்குப் போகிறவரும் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் போகிறவரும் நடப்பது ஒரே மண்பாதையில்தான்.

அந்தத் தாயாரின் காரியம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சங்கம் பேசியதன் பேரில், முன்கூட்டி எழுதிக் கேட்டால் கதவைத் திறந்துவிடுவதாக நிலத்துக்காரர் கடிதம் கொடுத்திருக்கிறார். அதற்கு நன்றி சொன்னோம். ஆனால் அது தயவு, பாத்தியமன்று. தயவு கொடுத்தவரோடு போய்விடும். ஆகவே இடுகாட்டைத் தனியாக அளந்து ஒதுக்கவும் வழி உண்டாக்கவும் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். பழைய வரைபடத்தின் நகல் ஒன்று, ஓய்வு பெற்ற பெரிய கிராணி ஒருவர் வீட்டுப் பெட்டியில் அகப்பட்டது, அதையும் இணைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை விடப்போவதில்லை.

அந்த அம்மாளிடம் இப்போது எங்களால் பதில் சொல்ல முடிந்தது. “அம்மா, பாத்தியம் தானாக வரவில்லை, எழுதி வாங்க வேண்டியிருக்கிறது. வாங்கத்தான் போயிருக்கிறோம்” என்றோம். “என் காலத்துக்குள்ள வாங்கிடுங்க தம்பி, நானும் அங்கதான் போகணும்” என்றார்.

தோழர்களே, அந்தச் சொல்லை உங்களிடம் ஒப்படைத்து அமர்கிறோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!